எட்டரை மணிச் சாப்பாடு

பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த டாக்டரம்மா எப்சியை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார். இறங்கச் சொன்னார். மெஷினை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் ஏறச் சொன்னார். மெஷின்மேல் ஒரு குற்றமும் இல்லை. ரத்தத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, பெற்றவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

பெற்றவள் கிரேஸ், வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். ‘நிற்கிறவள்’ என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. அந்தக் கடையில் விற்கிறவர்கள் உட்காரக் கூடாது. லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காது. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் வாங்கிக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் நின்றாள்.

“ஒன்பது வயசுக்கு இந்த எடை ரொம்ப அதிகம்மா. ரத்தத்துல சர்க்கரையும் விளிம்புல நிக்குது. இன்னும் தாண்டல. மூணு மாசம் பாப்போம். நொறுக்குத் தீனிய நிறுத்துங்க, ஓடி ஆடி விளையாட விடுங்க. இறங்கிட்டா நல்லது. ஏறிட்டா இந்த வயசுலயே மாத்திரைக்குப் போகணும்” என்றார் டாக்டரம்மா.

சர்க்கரை என்ற சொல் கிரேசுக்குப் புதிதல்ல. அவளுடைய அப்பாவுக்கும் சர்க்கரைதான். முதலில் கால் விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே என்று அந்த மனிதரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு போன வியாதி. அது இப்போது தன் பிள்ளையின் வாசலில் வந்து நிற்கிறது என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

ஆனால் பயம் வந்தால் அதை உடனே கோபமாக மாற்றிக்கொள்வது கிரேஸின் வழக்கம். கோபம் என்று வந்துவிட்டால் அதைக் காட்ட ஓர் ஆள் வேண்டும். காலையில் சோறும் குழம்பும் வைத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால், ஜங்ஷனில் முக்கூடல் பஸ்ஸுக்கு மாறி அவள் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். இடையில் யாரோ தன் பிள்ளையைத் தின்னக் கொடுத்தே கெடுக்கிறார்கள். அது யார் என்று பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

முதலில் மாட்டியவர் சர்ச்சுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கும் பலவேசம் அண்ணாச்சி. கடை வாசலில் தோரணம் கட்டினது மாதிரி சிப்ஸ் பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, எம் மவளுக்கு நீங்க எதும் கொடுக்கியளா?”

“நான் எங்கம்மா கொடுக்கேன்? அவ கேக்கவும் மாட்டா. போறவுக வாறவுகதான் ‘கொழுகொழுன்னு என்ன அழகு’ன்னு கன்னத்தக் கிள்ளிட்டு ஒரு பாக்கெட்ட வாங்கிக் கையில திணிக்காவ. நேத்துக்கூட ஒங்க பாஸ்டரய்யா ஒரு கலர் வாங்கிக் கொடுத்தாரு. நான் வேண்டாம்னு சொல்ல முடியுமா?”

“இனிமே ஆரு வாங்கினாலும் கொடுக்காதிய.”

“பாஸ்டரய்யா கேட்டாலுமா?”

“அவருக்கு வேணும்னா அவரு குடிக்கட்டும்.”

அடுத்தது புருஷன் ஜாபேஸ். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். டிரைவர் மகள் என்பதால் எப்சிதான் வேனில் முதலில் ஏறுகிறவள், கடைசியில் இறங்குகிறவள். ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வழியில் டீக்கடையில் நிறுத்தி அப்பாவும் மகளும் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு வந்து சேர்வார்கள். அதை அவன் மறைக்கவும் இல்லை.

“நான் டீ குடிக்கயில எம் புள்ள எம் வாயப் பாத்துட்டு நிக்கணுமா? ஒரே ஒரு பஜ்ஜிதான்” என்றான்.

“ஒண்ணுதானா?”

“ஒண்ணு ரெண்டு.”

“ஏங்க!”

“மூணு. சின்ன சைசு” என்று சொல்லிவிட்டு வேனைக் கழுவுகிற சாக்கில் நழுவிவிட்டான்.

மூன்றாவது ஆள்தான் கிரேஸ் உண்மையில் குறிவைத்த ஆள். ஜாபேஸின் அக்கா ஜெபக்கனி, கிரேசுக்கு மைனி, பக்கத்து வீடு. புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை. சாயங்காலம் எப்சியைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வாய்க்கால் பக்கம் போகக் கூடாது, ரோட்டில் லாரி வருகிறது என்று பிள்ளையை வீட்டுக்குள்ளேயே உட்கார்த்திக் கையில் போனைக் கொடுத்துவிடுவாள். ஏழு மணிக்கு ஜெபம், ஜெபம் முடிந்ததும் தோசை. தம்பியும் எப்சியும் அங்கேதான் சாப்பிடுவார்கள். ஜாபேஸ் விடியுமுன் எழ வேண்டும் என்பதால் சாப்பிட்ட கையோடு வந்து படுத்துவிடுவான். எப்சி மட்டும் அம்மா வரும்வரை முழித்திருப்பாள்.

இந்த மைனியைப் பற்றிக் கிரேசுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கை கொஞ்சம் இறுக்கம் என்பது அது. அதற்கு அவளிடம் சாட்சியும் இருந்தது. எட்டரை மணிக்கு வந்து இவள் சோற்றைத் தட்டில் போட்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னால் எப்சி ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. ஜெபம் பண்ணின சோற்றை மிச்சம் வைக்கக் கூடாது என்று கிரேஸ் ஒரு சட்டம் வைத்திருந்தாள். பிள்ளையும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காது. வயிறு நிறைந்த பிள்ளை இப்படியா சாப்பிடும்? ஆக, மைனி ஒழுங்காகத் தோசை போடுவதில்லை. அதேசமயம் கண்டதையும் பொரித்துக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுப்பதும் மைனிதான். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே என்று கிரேஸிடம் யாரும் கேட்கவில்லை. கோபத்தில் இருக்கிறவளிடம் நியாயம் பேசி வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்குப் பிரியம்?

“மைனி, இனிமே அவளுக்கு ரெண்டு தோசைக்கு மேல வேண்டாம். முறுக்கு, சேவு ஒண்ணும் கண்ணுல காட்டக் கூடாது. வெளையாட விடுங்க.”

“நான் என்ன ஒம் புள்ளய சந்தைக்கா வளக்கேன்? டாக்டர் சொன்னா சரி, நிறுத்திருவோம்” என்றாள் ஜெபக்கனி. சொன்னபடி நிறுத்தியும்விட்டாள்.

இப்படியாக வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. பலவேசம் அண்ணாச்சி சிப்ஸ் தோரணத்தைக் கழற்றி உள்ளே மாட்டினார். ஜாபேஸ் டீயைக்கூட விட்டுவிட்டு, வேனை நிறுத்தியதும் மகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் வேகமாக நடந்தான். வழியில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் “என்னலே, வேன் ரிப்பேரா?” என்று கேட்க, பதில் சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்தது. எப்சி மூச்சு வாங்கினாலும் முகம் சுளிக்காமல் கூடவே போனாள். அவள் சொன்னபடி கேட்கிற பிள்ளை. அந்தக் குணம்தான் அவளுக்கு வினையாக இருந்தது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இரவு எட்டரைக்கு வந்ததும் கிரேஸ் மகளைப் பார்ப்பாள். பகல் பூரா நொறுக்குத் தீனி இல்லை, நடை வேறு, தோசையும் இரண்டே இரண்டு. பாவம், பிள்ளை எப்படிக் காய்ந்திருக்கும்!

“சாப்பிடுதியாட்டி?”

“நீ சாப்பிடுதியாம்மா?”

“நீ சாப்பிட்டா நானும் சாப்பிடுதேன்.”

“அப்ப சரி.”

இரண்டு தட்டு. ஒரு ஜெபம். பட்டினியாகக் கிடந்த பிள்ளை என்று ஒரு அகப்பை கூடுதலாகவே வைத்தாள் கிரேஸ். அது வீட்டுச் சோறு, நொறுக்குத் தீனியில் சேராது என்பது அவள் கட்சி. நாள் முழுக்கச் சேலையைப் பிரித்துப் போட்டு மடித்து வைக்கிறவளுக்கு, அந்த அரை மணி நேரம்தான் வாழ்க்கை. எப்சி பள்ளிக்கூடக் கதையைச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். அவள் ஒரு வாய் வைத்தால் கிரேஸும் ஒரு வாய் வைப்பாள். கடையில் நின்ற கால்வலியெல்லாம் அப்போதுதான் இறங்கும்.

ஒரு மாதம் ஓடியது. கிரேஸ் வண்ணார்பேட்டையிலேயே ஓர் எடை மெஷின் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியே பார்த்துவிட்டாள். கண்டக்டர் மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் ஏறினார். வீட்டுக்கு வந்து எப்சியை ஏற்றினால் எடை இறங்கவே இல்லை. பழையதைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கிரேஸ் மைனி வீட்டு வாசலில் போய் நின்றாள். ஊர்சனம் பார்க்கிறதே என்றுகூட நினைக்கவில்லை.

“எனக்குத் தெரியாம என்னத்தக் கொடுக்கிய மைனி? சர்க்கரை எங்கப்பாவக் கொண்டுபோனது பத்தாதா? எம் புள்ளையும் போணுமா?”

ஜெபக்கனி எழுந்து வாசலுக்கு வந்தாள். பிறகு, “நான் புள்ள பெறாதவ. அதுக்காக ஒம் புள்ளய நான் சாவக் கொடுப்பேனா கிரேஸ்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஆனாலும் பிள்ளைக்குத் தோசை தவறவில்லை.

டாக்டரம்மா சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கிரேசுக்குச் சேலை பிரிக்கும்போதெல்லாம் அப்பாவின் காலே ஞாபகத்துக்கு வந்தது.

அப்படியிருக்க ஒரு நாள், முதலாளி வீட்டில் ஒரு துக்கம் என்று கடையைச் சாயங்காலமே அடைத்துவிட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஜங்ஷனில் பஸ் ஏறி எத்தனை மாதம் ஆயிற்று! கிரேஸ் ஊரில் இறங்கி நடந்து வந்தபோது மைனி வீட்டில் ஜெபம் முடிந்திருந்தது. ஜாபேஸ் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தான். சன்னல் திறந்து கிடந்தது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவள் சுவரோரம் பைய நின்றாள்.

உள்ளே எப்சி தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“இன்னும் அரைத் தோசை வைக்கட்டாட்டி? ஒங்கம்மாவுக்குத் தெரியாண்டாம்” என்றாள் ஜெபக்கனி.

“வேண்டாம் அத்த, வயிறு நெறஞ்சிட்டு. அம்மா வந்தா அம்மாகூடவும் சாப்பிடணும்லா? எடம் வேண்டாமா?”

“அங்கயும் சாப்பிடுவியா? என்னைக்கு?”

“தெனமுந்தான்.”

“ஏட்டி! வயிறு வலிக்காதா?”

“வலிக்கும். படுத்தாச் சரியாயிரும்.”

“பெறவு என்னத்துக்குட்டி திங்க? போதும்னு சொல்லுததுக்கு என்ன?”

எப்சி குரலைத் தாழ்த்தினாள். “நான் சாப்பிடலன்னா அம்மா சாப்பிட மாட்டா அத்த. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்னு முன்னாலயே தூங்கிட்டேன்லா? காலையில பாத்தா சோத்துல தண்ணிய ஊத்தி வச்சிருக்கா. ஒரு வாய்கூடச் சாப்பிடல. கடையில நாள் பூரா நிக்கா, பாவம். நான் தின்னா அவளும் திங்கா. நான் நிறுத்தினா அவளும் எந்திரிச்சிருவா. அதான் நான் நிறுத்துததில்ல.”

சுவரோரம் நின்ற கிரேசுக்கு அப்போதுதான் விளங்கியது. யாரோ பிள்ளையைக் கெடுக்கிறார்கள் என்று ஊர் முழுக்கத் தேடினாளே, அந்த ஆள் இங்கே நிற்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. வாயைப் பொத்தாமல் அழுததில் சத்தம் கேட்டு ஜெபக்கனி வாசலுக்கு வந்துவிட்டாள்.

“மைனி, நாந்தான் மைனி” என்றாள் கிரேஸ்.

“கேட்டுட்டியாக்கும்” என்றாள் ஜெபக்கனி. நியாயமாகப் பார்த்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் அவளுக்கு வாய்க்காது. “உள்ள வா. ஒரு தோசை தின்னுட்டுப் போ. மூஞ்சியே செத்துக் கெடக்கு.”

“இல்ல மைனி. எனக்கு வீட்டுல சோறு இருக்கு. நான் போய்ச் சாப்பிடணும்.”

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். உள்ளே ஜாபேஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கிரேஸ் கை கால் கழுவிவிட்டு வந்து ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.

எப்சி தட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “எனக்கு?”

“நீதான் அத்த வீட்டுல சாப்பிட்டாச்சே. இது எனக்கு.”

“சாப்பிடுவியா?”

“பக்கத்துல உக்காந்து பாரேன்.”

கிரேஸ் ஓர் அகப்பை வைத்தாள். “அவ்வளவுதானா?” என்றாள் எப்சி. இன்னோர் அகப்பை வைத்தாள். எப்சியே ஜெபம் பண்ணினாள். ஆமென் சொன்ன கையோடு கண்ணைத் திறந்து அம்மாவின் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

முதல் வாய் இறங்கவில்லை. எதிரே ஒரு வாய் அசையாமல் தனியாகச் சாப்பிடுவது இத்தனை கடினமா என்று கிரேசுக்கே ஆச்சரியமாக இருந்தது. எழுந்துவிடலாமா என்று தோன்றியது. எழுந்தால் பிள்ளை உடனே தனக்கும் ஒரு தட்டு எடுத்து வந்துவிடும். அடுத்த வாயை உருட்டி வைத்தாள். அதற்கடுத்ததும் போனது. எப்சி கதை எதுவும் சொல்லவில்லை. அவளுடைய கவனமெல்லாம் தட்டிலேயே இருந்தது. பாதி குறைந்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

“நாளைக்கும் இப்படிச் சாப்பிடுவியாம்மா?”

“சாப்பிடுவேன்.”

“நான் தூங்கிட்டாலும்?”

கிரேஸ் வாயில் இருந்ததை விழுங்கினாள்.

“நீ தூங்கிட்டாலும் சாப்பிடுவேன்ட்டி.”

எப்சி அதை நம்பலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒரு கொட்டாவி விட்டு, அம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். கண்ணை மட்டும் மூடவில்லை. கிரேஸ் குனியாமல், பிள்ளைமேல் ஒரு பருக்கை சிந்தாமல், மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.