எண்பதில் வரும் ஆட்டம்

வேகமானி எண்பதைத் தொட்டதும் பிரபாலினி வழக்கம்போல ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். ஆட்டம் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் மிதித்துப் பார்த்தாள். வரவில்லை. எழுபதுக்கு இறக்கி மறுபடி ஏற்றினாள். ஒரு வருடமாக, எண்பது வந்தவுடன் இருக்கைக்கு அடியிலிருந்து கிளம்பி முதுகு வரைக்கும் ஏறுகிற அந்த நடுக்கம், அப்பாவை எரிக்கப் போகிற நாளில் மட்டும் எங்கேயோ ஒளிந்துகொண்டது. பிக்கப்பின் பின்தட்டில் கோவிலிலிருந்து ஏற்றிய மடக்கு மேசைகளும் வாங்குகளும் கயிற்றுக்குள் முனகிக்கொண்டிருந்தன. செத்தவீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிற சனத்துக்கு இருக்க வாங்கு வேண்டும் என்று பெரியப்பா பாலசிங்கம் விடியவே அவளை அனுப்பியிருந்தார்.

பெரியப்பாவின் கட்டளை அது ஒன்று மட்டுமல்ல. புறப்படும்போது பிக்கப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அவன் வந்தால் நீதான் வாசல்லை நிண்டு திருப்பி அனுப்போணும், பிள்ளை. கொப்பர் சொல்லிப்போட்டுப் போன சொல்லு அது."

அவன் என்றது அவளுடைய அண்ணன் ஜெனுசனை. நாலைந்து வருடங்களுக்கு முன் அவன் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் எலேனாவைக் கட்டினான். எங்கட ஆக்கள் இல்லை என்று பெரியப்பா துள்ளிக் குதித்தார். அப்பா நித்தியானந்தன் துள்ளவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவாமல் மேசையில் இருந்தபடியே, இனி இந்த வீட்டில் ஒருவரும் அவனோடு கதைக்கக்கூடாது, தான் செத்தாலும் அவன் கொள்ளி வைக்கக்கூடாது என்று பெரியப்பாவுக்கு முன்னால் சொன்னார். அம்மா தில்லைநாயகி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

பிரபாலினி அண்ணனின் இலக்கத்தை அப்பா பார்த்துக்கொண்டிருக்கவே கைபேசியிலிருந்து அழித்தாள். அவளுக்குச் சைக்கிள் பழக்கியவன் அவன். பனிக்காலத்தில் பள்ளிக்கூடம் போகும் வழியில் தன் கையுறையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நடந்தவன். வேறு வேறு இலக்கங்களிலிருந்து அவளுக்கு ஃபோன் எடுத்துப் பார்த்தான். குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். ஒருமுறை துன் ரயில் நிலையத்தில் அவன் எதிரே கையை உயர்த்திக்கொண்டு வந்தபோது படியிறங்கி அடுத்த மேடைக்குப் போய் நின்றாள். அன்று முழுக்க அழுதபடிதான் வேலை செய்தாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அதை அவள் அப்பாவின் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

வேலை அப்பாவின் கராஜில்தான். அந்தப் பழைய பிக்கப்பை ஒரு விவசாயியிடம் வாங்கிய புதிதில் அலுங்காமல் ஓடியது. பிறகுதான் இந்த வியாதி பிடித்தது. முதல் நாளே இது சில்லில் இல்லை, கர்டானில்தான் என்று பிரபாலினி சொன்னாள். கியர்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டை சுவிஸில் கர்டான் என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் குறுக்குவழி போகாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சில்லுகளைச் சமன்படுத்தினாள். தண்டின் சிலுவை மூட்டுகளை மாற்றினாள். நடுவில் அதைத் தாங்கும் பேரிங்கை மாற்றினாள். தண்டையே கழற்றி பேர்ணுக்கு அனுப்பிச் சமன் பார்த்து எடுத்தாள். எல்லாம் மாறியது, நடுக்கம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

மிச்சம் இருந்தது கோணம். தண்டு முன்னால் கியர்பெட்டியோடும் பின்னால் அச்சோடும் சேரும் கோணங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். வண்டியின் பின்பக்கம் உயர்ந்து நின்றால் ஒத்துப்போகாது, வேகத்தில் ஆடும். முன்பக்கம் கோணமானியை வைத்து அவள் பார்த்தாள். பின்பக்கம் அப்பா வைத்துப் பார்த்து எண்ணைச் சொன்னார். இரண்டும் ஒத்திருந்தன. ஸ்பிரிங்கையும் தான் பார்த்தாயிற்று என்றார். வேறு எந்த வேலையாள் அப்படிச் சொல்லியிருந்தாலும் அவள் ஒருதரம் போய்ப் பார்த்திருப்பாள். அப்பா பார்த்தேன் என்றதை மகள் போய்த் திரும்பப் பார்ப்பது, அவர் முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொல்வதுபோல. அவர்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது.

ஆகவே குறை தன்னில்தான் என்று நினைத்தாள். மைஸ்டர் என்கிற தலைமை மெக்கானிக் பரீட்சைக்குப் படிக்க இருந்தவள் அந்த எண்ணத்தையே கைவிட்டாள். ஒரு பிக்கப்பின் நடுக்கத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவளுக்கு என்ன மைஸ்டர்? அப்பா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில், "ஆட்டத்தை ஒருக்கா ஓடிப் பாத்திட்டு வாறன்," என்று அம்மா கட்டிக்கொடுத்த சோற்றையும் எடுத்துக்கொண்டு தனியே போய்விட்டுப் பொழுதுபடத்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியின் பின்தட்டை வெறுமையாக்கச் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் ஏறி உட்காருவார். எண்பது வந்ததும், "வருதோ?" என்று கேட்பார். "ஓம், வருது," என்பாள். என்னவென்று விளங்கவில்லையே என்று யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார்.

போன சனிக்கிழமையும் அப்படித்தான் போனார். பொழுதுபடும் நேரம் ஸ்பீட்ஸுக்கு அருகில் தெருவோரம் பிக்கப் வெறுந்தட்டோடு ஒதுங்கி நின்றது. சிக்னல் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்ததாம். நெஞ்சுக்குள் வலி வந்த பிறகும் மனிதர் ஒழுங்காக ஒதுக்கி, ஹேண்ட்பிரேக்கும் போட்டிருக்கிறார் என்று பொலிஸ்காரன் மரியாதையோடு சொன்னான்.

இப்போது பாரத்தோடு பிக்கப் எண்பதில் சாந்தமாக ஓடியது. பிரபாலினி பின்தட்டிலிருந்த பாரத்தைக் கண்ணாடியில் பார்த்தாள். அடுத்த தரிப்பிடத்தில் ஒதுக்கினாள். இருக்கைக்குப் பின்னாலிருந்த வேலைச்சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு தரையில் படுத்து அடியில் தலையை நுழைத்தாள்.

பின்னச்சுக்கு மேலே வில்லாக வளைந்த ஸ்பிரிங் பட்டைகள் அடுக்காக இருந்தன. துரு பிடிக்கக்கூடாது என்று அப்பா அடித்த கறுப்புப் பூச்சு அவற்றை மூடியிருந்தது. சாவியால் சுரண்டினாள். வாங்கிய புதிதில் இந்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் பூட்டியது அவள்தான். அப்போது இந்தத் தடித்த பட்டை இல்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, புத்தம் புதிய இரும்பு. பாரம் ஏற்றுகிறவர்கள் போடுகிற பட்டை. அதுதான் வெறும் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி வைத்திருந்தது. பாரம் ஏறினால் இறங்கிச் சரியாகிவிடும். அப்பா கோணத்தின் எண்ணைப் பொய்யாகச் சொல்லியிருக்கிறார். டயர் நாலைத் தவிர வேறொன்றும் ஏற்றாத கராஜ் வண்டிக்கு எதற்கு இந்தப் பட்டை?

குளிர்ந்த தாரில் முதுகை வைத்தபடி கிடந்தாள். ஞாயிறு ஞாயிறாக இதே வண்டிக்கு அடியில் அவள் படுத்திருக்க, மேலே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். அவள் தேடாத இடத்துக்கு வெளிச்சம் போகாமல் பிடித்திருக்கிறார்.

சுடலை என்று சனம் இன்னும் பழக்கத்தில் சொல்கிற அந்தத் தகன மண்டபத்தின் வாசலில், வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு பெரியப்பா நின்றார். உள்ளே கிரியையில் பொற்சுண்ணம் இடிக்கிற பாட்டுத் தொடங்கிவிட்டது. நேரம் தவறினால் அடுத்த ஆட்கள் வந்துவிடுவார்கள், மண்டபத்தை விடமாட்டார்கள் என்று அவர் அவசரப்பட்டார். பிறகு தாடையால் கார் நிற்கும் பக்கத்தைக் காட்டினார். கொள்ளிக்காரன் வந்து நிற்கிறாராம், போய்ச் சொல்லட்டாம்.

ஜெனுசன் கறுப்புச் சட்டையில் ஒதுங்கி நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. கைவிரல்களைச் சீமெந்து தின்று வெடிக்க வைத்திருந்தது. அவனுக்குப் பின்னால் எலேனா ஒரு சின்னப் பெண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரபாலினி சொல்ல வேண்டியதை வாய்க்குள் அடுக்கிக்கொண்டு போனாள். போய்ச் சேர்வதற்குள் பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடிவந்து, அவளைத் தாண்டிப் போய், பிக்கப்பின் பின்கதவை இரண்டு கையாலும் தட்டியது.

"அப்பப்பான்ரை கார்," என்றது. பிறகு எட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு எங்கை?" என்று கேட்டது.

 எலேனா தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஜெனுசன்தான் சொன்னான், நிலத்தைப் பார்த்தபடி. ஃபுருட்டிகன் பக்கம் மலைச்சரிவில் ஒரு பழைய வீடு வாங்கினார்களாம். மழைக்கு வீட்டின் பின்னால் மண் சரிந்துகொண்டு வந்ததாம். பிள்ளை பிறந்த கையோடு அப்பா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, இதற்குக் கல்மதில்தான் கட்ட வேண்டும் என்றாராம். போன வருடத்திலிருந்து சனிக்கிழமைகளில் கல் ஏற்றிக்கொண்டு வந்தாராம். பிள்ளைக்குத் தக்ஷிகா என்று பெயர் வைத்ததும் அவர்தானாம்.

"உன்னட்டைச் சொல்லச் சொல்லி நான் எத்தினை தரம் கேட்டனான், பிரபா," என்றான்.

அவளுக்கு அம்மா கட்டிக்கொடுத்த சனிக்கிழமைச் சோறு நினைவுக்கு வந்தது. அந்தச் சாப்பாட்டுப் பெட்டி ஒரு மனிதன் சாப்பிடுகிற அளவை விடப் பெரிது. அப்படியே திரும்பி உள்ளே நடந்தாள்.

அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பிரபாலினி அவள் காதருகே குனிந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

அம்மா அப்பாவின் தோளில் கிடந்த சால்வையின் மடிப்பை நீவினாள். நீவி முடிந்தும் கையை எடுக்கவில்லை. "உன்ரை முகம் ஒண்டையும் மறைக்காது. பெரியப்பா கண்டுபிடிச்சிடுவாரெண்டு கொப்பா பயந்தவர்," என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். ஊர் வாய்க்கும் தமையனுக்கும் பயந்து அப்பா ஒரு வார்த்தையைச் சொன்னார். சொன்னவர் அதைக் காப்பாற்றவில்லை, அம்மாவும் காப்பாற்றவில்லை. இந்த வீட்டில் அதை வேதவாக்காக எடுத்து, அண்ணனைக் கண்டால் அடுத்த மேடைக்கு ஓடியவள் அவள் ஒருத்திதான். அவளிடம் பொய் இல்லை என்பதற்காகவே அவளுக்கு முழுப்பொய்யையும் கொடுத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் அப்பா நெற்றி நிறைய விபூதியோடு, ஒரு பாவமும் அறியாதவர் மாதிரிக் கிடந்தார். உலுப்பி எழுப்பிக் கேட்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. செத்துப்போய்த் தப்பிவிட்டார்.

கொள்ளி வைப்பது என்றால் அங்கே கற்பூரத்தைக் காட்டிவிட்டுச் சுவரிலிருக்கும் பொத்தானை அழுத்துவதுதான். ஐயர் யார் என்று கேட்டார். மகன் இல்லை, மகள் வைப்பாள் என்று பெரியப்பா உரத்த குரலில் சொன்னார். பிரபாலினி கற்பூரத் தட்டை வாங்கினாள். வாங்கிய தட்டோடு சனத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் அதை ஜெனுசனின் கையில் கொடுத்தாள். பெரியப்பா பின்னாலேயே வந்து, இது தம்பியின் வார்த்தைக்குச் செய்கிற துரோகம் என்றார்.

"அவற்ரை சொல்லைக் காப்பாத்தினது நான் ஒராள்தான், பெரியப்பா," என்றாள். "எனக்குக் காணும்."

பெரியப்பா வாசலில் நின்றபடி உள்ளே இருந்த தம்பியின் மனைவியைப் பார்த்தார். தில்லைநாயகி தலையை நிமிர்த்தவில்லை. சின்னப்பிள்ளை அதற்குள் ஓடிப்போய் அவள் மடியில் பழகிய இடம்போல ஏறி உட்கார்ந்தது. பெரியப்பா அதையும் பார்த்தார். பிறகு அவரும் ஒதுங்கி வழிவிட்டார்.

பிரபாலினி உள்ளே போகவில்லை. வாய்க்கரிசியும் போடவில்லை. பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து ஒப்பாரி ஒரேயடியாக உயர்ந்து தணிகிற வரைக்கும் வேகமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் முழுகிச் சாப்பிட்டு முடித்தார்கள். அவள் முழுகாமல், வாங்குகளைக் கோவிலில் இறக்கிவிட்டு நேரே கராஜுக்குப் போனாள். ஜெனுசன் பின்னாலேயே வந்தான். அவள் வண்டியை உயர்த்துவதையும் ஸ்பிரிங்கைப் பின்னச்சோடு பிடித்திருந்த வளையங்களைத் தளர்த்துவதையும் கொஞ்ச நேரம் பார்த்தான். அவனாகவே விளக்கை எடுத்துப் பிடித்தான்.

"அங்கை மதில் அரைவாசியிலை நிக்குது," என்றான்.

"விளக்கை வைச்சிட்டுப் போங்கோ, அண்ணா," என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயால் சொல்லி வருடங்கள் ஆகியிருந்தன. அவன் விளக்கை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு பட்டைகளையும் கழற்றிப் பின்தட்டில் எறிந்தாள். மிச்சத்தைப் பூட்டி, வண்டியை இறக்கி, முன்பக்கக் கோணத்தைப் பார்த்தாள். பின்பக்கக் கோணத்தையும் தானே போய்ப் பார்த்தாள்.

ஏரிக்கரைத் தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. எழுபது வந்தது. எண்பது வந்தது. கை தன்பாட்டில் ஸ்டியரிங்கை இறுக்கியது. வண்டி வாங்கிய புதிதில் ஓடியதைப்போல அலுங்காமல் ஓடியது. பக்கத்து இருக்கையின் பாதுகாப்புப் பட்டி கொளுவாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"வரேல்லை," என்றாள்.

ஸ்பீட்ஸில் அவர் ஒதுங்கிய இடம் கடந்து போனது. மதில் அரைவாசியில் நிற்கிற ஃபுருட்டிகனுக்குத் திரும்பும் பலகை வந்தபோது சிக்னலைப் போட்டாள். வளைவில் அந்த இரண்டு இரும்புப் பட்டைகளும் வெறுந்தட்டில் வழுக்கிப் போய் ஒரு பக்கம் மோதின. அடுத்த வளைவில் மறுபக்கம் மோதின.