ஓட்டை போடாத டயர்

ஆற்றங்கரையை அரிப்பிலிருந்து காப்பாற்றப் பழைய டயர்களைப் பதிக்கலாம் என்று பஞ்சர்க் கடைக்காரன் மனைவி சொன்னபோது தெருவில் யாரும் சிரிக்கவில்லை. பதித்து ஒரு மழை பார்த்த பிறகு, அந்த டயர்களில் ஓட்டை போட வேண்டும் என்றபோதுதான் சிரித்தார்கள். புருஷன் பிழைப்புக்கே உலை வைக்கிறாளே என்றார்கள்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன வெள்ளத்தில் ஆறு கரையைத் தின்று வீட்டின் பின்சுவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. இன்னொரு தடவை அரித்தால் பேசாமல் தன் வீட்டு மாடிக்கு வந்துவிடச் சொல்லியிருந்தான் அவள் அண்ணன். தங்கமான மனிதன்தான். ஆனால் அண்ணியின் அடுப்பில் அனுமதி கேட்டு டீ போடும் வாழ்க்கை அவளுக்கு வேண்டாம்.

கடைக்குப் பின்னால் மலைபோல் கிடந்த டயர்களைச் சரிவில் வரிசையாகப் படுக்கவைத்து, ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, மண்ணைத் திணித்தார்கள். முதல் மழைக்கே அடிவரிசை மிதந்து மண்ணையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. மேல்விளிம்புக்குள் காற்று மாட்டிக்கொள்கிறது, அது வெளியேற வழி வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் கணவனுக்குக் கை வரவில்லை.

"காலமெல்லாம் ஓட்டைய அடைச்சவன்டி நான்."

"இப்பவும் அடைக்கத்தான் போறீங்க. கரையில இருக்கிற ஓட்டைய. குத்துங்க."

எல்லாவற்றிலும் குத்திவிட்டதாகத்தான் சொன்னான்.

அடைமழை பிடித்த இரண்டாம் நாள் மதியம் தண்ணீர் மூன்றாவது வரிசையைத் தொட்டது. மற்றவை அசையாமல் கிடக்க, ஒரே ஒரு டயர் மட்டும் மெல்லத் தலையைத் தூக்கியது. கயிறு விறைத்துப் பக்கத்து டயர்களையும் இழுத்தது. மண் கரைந்து தண்ணீர் கலங்கியது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி அதன்மேல் ஏறி நின்றாள். காலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது. ஓர் ஓட்டைகூட இல்லை.

கணவன் கரைமேல் திருதிருவென்று விழித்தான்.

"புதுசு மாதிரி இருந்துச்சு. யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு..."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "அண்ணன் வீட்டு மாடிக்கு இதையும் தூக்கிட்டு வருவீங்களா? உளிய எடுத்துட்டு வாங்க."

அவன் ஓடினான். அதே நேரம் தெருப்பக்கம் வேன் வந்து நின்றது. அண்ணன் குடையோடு பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தான்.

"போதும்மா. சாமானை எடுத்து வை, கிளம்பலாம். வண்டி கொண்டாந்திருக்கேன்."

"நல்லதாப் போச்சு. அதுல மண்ணு ஏத்திட்டு வாங்கண்ணே."

அதற்குள் திரும்பி வந்த கணவன் முழங்கால் தண்ணீரில் குனிந்து, அவள் பாதத்துக்குப் பக்கத்தில் உளியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சுத்தியலால் ஓங்கி அடித்தான். அவள் கால்விரல்களுக்கிடையே குமிழிகள் பொங்கின. டயர் அவளைச் சுமந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.