முழங்காலில் வளைத்த குழாய்

மசினகுடியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் ஜீப் ஓட்டுநர்களில் கலைமதி ஒருத்திதான் பெண். ஓட்டுவது அவள்; பழுது பார்ப்பது அவள் கணவன் பொன்ராஜ். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் பெரிய சண்டை வந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, வலது முன்சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் குழாய் துருவேறி ஒழுகியது. பென்சிலைவிட மெல்லிய இரும்புக் குழாய். பழைய வண்டிக்கு வளைத்த குழாய் கடையில் கிடைக்காது. வளைத்துத் தரும் மெக்கானிக் ஆறுக்குட்டியும் ஊரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. பொன்ராஜ் கூடலூருக்குப் போய், முனைகளில் நட் போட்ட நேர் குழாய்கள் மூன்று வாங்கி வந்தான்.

ஒன்றை முழங்காலில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினான். வளைந்த இடம் சப்பையாகிவிட்டது. குறட்டால் பக்கவாட்டில் நெரித்து, ஓரளவு உருட்டி மாட்டினான்.

கலைமதி குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நசுங்கியிருக்குதே?"

"ஒழுகுதா?"

"ஒழுகலைங்க. ஆனா ஆயில் போற வழி சிறுத்துப் போச்சல்ல? ஒரு சக்கரம் முந்திப் புடிச்சு, இன்னொண்ணு பிந்திப் புடிச்சா? இதுல நான் ஆளுகள ஏத்த மாட்டேன்."

"இத்தனை வருசமா என் கைவேலையிலதான் வண்டி ஓடுது. ஓட்டிக் காட்டறேன் பாரு."

சாவியோடு கிளம்பிவிட்டான். தடுத்தால் இன்னும் முறுக்கிக்கொள்வான் என்று அவள் வழிவிட்டாள்.

மாவனல்லா போகும் சரிவில் மான் கூட்டம் குறுக்கே பாய்ந்தது. பொன்ராஜ் பிரேக்கை மிதித்தான். இடது சக்கரம் உடனே கவ்வியது, வலது பிந்தியது. வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் மண்மேட்டில் முட்டி நின்றது. நெற்றியில் கிழிந்த காயத்தோடு நடந்தே வீடு வந்து சேர்ந்தான். அவள் காயத்தைக் கழுவித் துணி கட்டினாள். அக்கம்பக்கத்தார் ஜீப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

மறுநாள் காலை இரண்டாவது குழாயை அவளே எடுத்தாள்.

"உள்ள மணல் ரொப்பி வளைச்சா நசுங்காது," என்றான் பொன்ராஜ்.

"ஒரு பொடி மணல் உள்ள தங்கிட்டாலும் பிரேக்கு போச்சுங்க."

அதை வாசல் தண்ணீர்க் குழாயைச் சுற்றி மெதுவாக வளைத்தாள். முழங்காலைவிடத் தேவலை, ஆனாலும் குழாயின் பக்கங்கள் பிதுங்கி, நடுவில் தட்டையானது. பிதுங்க இடமில்லாமல் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற பள்ளம் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. வீட்டுக்குள் போய் ஒவ்வொரு பொருளாகப் பார்த்தாள். தையல் மெஷினின் கைச்சக்கரம் கண்ணில் பட்டது. பெல்ட் ஓடும் பள்ளத்தில் மூன்றாவது குழாயை வைத்தாள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

"புடிங்க. சக்கரம் சுத்தக் கூடாது."

பொன்ராஜ் பிடித்தான். அவள் குழாயின் நுனியை இழுக்காமல், வளைவை ஒட்டியே கட்டைவிரலால் அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தோடு படியவைத்தாள். விட்டால் சற்று விரியும் என்பதால் தேவைக்குமேல் ஒரு நூலளவு கூட்டி வளைத்தாள். எடுத்துப் பார்த்தபோது வளைவிலும் குழாய் உருண்டையாகவே இருந்தது.

மாட்டி, பிரேக் ஆயில் ஊற்றி, குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றியபின் அதே சரிவுக்குப் போனார்கள். அவள் ஓட்டினாள். பிரேக்கை மிதித்ததும் வண்டி இம்மிகூட விலகாமல் நின்றது.

"நேரா நிக்குது," என்றான் பொன்ராஜ்.

"ஆமாங்க."

திரும்பும் வழியில் பொன்ராஜ், "கலை, பின்சக்கரத்துக்குப் போற குழாயும் நான் முழங்கால்ல வளைச்சதுதான்," என்றான்.

அவள் கால் தானாக வேகத்தைக் குறைத்தது. "எப்போங்க?"

"நாலஞ்சு வருசமிருக்கும்."

அந்த வருடங்களில் பின்சீட்டில் ஏறி இறங்கிய பிள்ளைகளின் முகங்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. கோபம் வந்தது, அதோடு, இதை அவனாகவே சொன்னானே என்றும் தோன்றியது. வாங்கிய மூன்று குழாய்களும் தீர்ந்திருந்தன.

ஓரமாக நிறுத்தி, கோயம்புத்தூர்க் குடும்பத்துக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு என் வண்டி வராதுங்க. வேற நல்ல டிரைவர் நம்பர் தர்றேன்."