நாலு விநாடி தாமதமான சிரிப்பு

நாற்பத்தொரு மணி நேர வகுப்பில் நான் ஒன்பது மணி நேரம்தான் கவனித்தேன் என்று அறிக்கை வந்தது. அதை எழுதியது ஆசிரியர் இல்லை. கேமரா வழியாக முகத்தைப் பார்த்து மாணவர்களின் மனநிலையைக் கணிக்கும் மென்பொருள்.

ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்கான ஆன்லைன் படிப்பு அது. மூன்று தேர்விலும் நான்தான் முதல். ஆனால் கவனம் பாதிக்குக் கீழே போனால் செய்முறைத் தேர்வுக்கு இடம் கிடையாது. அது இல்லாமல் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் எந்தக் கூடமும் என்னை உள்ளே விடாது.

அண்ணன் அறிக்கையைப் படித்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"பார்வை இடப்பக்கம் கீழே. முகபாவம் சலிப்பு. மூஞ்சிக்கெல்லாம் மார்க் போட்டா, நான் பிறந்த அன்னிக்கே ஃபெயில்டி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடப்பக்கம் கீழே என் போன் இருக்கும், சர்க்கரை டப்பாவில் சாய்ந்தபடி. சார் பேசுவது நாலு விநாடி கழித்து அதில் எழுத்தாக ஓடும். அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்ததே அண்ணன்தான். ஒரு வரி விடாமல் படித்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்ததில்லை. அதற்குப் பெயர் சலிப்பாம். வகுப்பில் ஒருத்தி புருவத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாட்டு கேட்பாள். அவளே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதிச் சிரித்தாள். அவளுக்குக் கவனம் தொண்ணூற்றாறு.

"கோர்ஸ் மேடம்கிட்ட சொல்லிடேன்," என்றான் அண்ணன்.

அம்மா அவனை நகர்த்திவிட்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "வாயைத் திறக்காதே. போன தடவை வேற இடத்துல சேரப் போனப்போ சொல்லித்தானே வேணாம்னுட்டாங்க? குரல் நல்லாத்தானே இருக்கு, யாருக்குத் தெரியப்போகுது?"

அறிக்கை பற்றிய விசாரணை வீடியோ அழைப்பில் நடந்தது. ஒருங்கிணைப்பாளர் மேடம் ஒரு காட்சியை ஓடவிட்டார். திரையில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"சார் இங்க என்ன சொல்றார் தெரியுமா? ரத்தம் எடுத்த ட்யூப்ல பேர் மாத்தி ஒட்டினதால ஒரு நோயாளி செத்துப்போனார்ங்கறார். நீ சிரிக்கிறே. மகிழ்ச்சி தொண்ணூத்தொரு சதவீதம்னு காட்டுது."

அந்த நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்கு முன்னால் சார், வெறும் வயிற்றில் வரச் சொன்ன ஒருவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். 'ராத்திரியெல்லாம் வெறும் வயிறுதான் சார், வர்ற வழியிலதான் நிரப்பினேன்' என்றாராம் அவர். எல்லோரும் சிரித்து முடித்த பிறகே அது என்னிடம் வந்து சேர்ந்தது. அடுத்து அந்த மரணம் வந்தது. என் முகம் சுருங்கியபோது சார் மறுநாள் விடுமுறை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே 'சோகம்' என்று அறிக்கையில் குறித்திருந்தது.

"இரக்கமில்லாதவங்க கையில நோயாளியோட ரத்தத்தை எப்படிம்மா கொடுக்கறது? மனுஷங்க சொன்னா நான் நம்பமாட்டேன். மெஷினுக்கு உன் மேல என்ன பகை?"

போனில் வரிகள் வந்துகொண்டிருந்தன. படித்தேன்.

"பதில் சொல்ல இவ்வளவு நேரமா? பாரு, இப்பவும் கீழேதான் பார்க்கறே!"

நான் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. என் குரல் எவ்வளவு உயரம் போகிறதென்று தெரியாததால் எப்போதும் அடக்கியே பேசுவேன். அன்றைக்கு அடக்கவில்லை.

"மேடம், மூணு பரீட்சை எழுதினேன். அதுல கவனம் தெரியலையா? ஒரே ஒரு தடவை, ஏன் கீழே பார்க்கறேன்னு என்கிட்ட கேட்டீங்களா?"

கதவருகே அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் போனை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். மேடத்தின் கடைசி வாக்கியம் அதில் இருந்தது: 'இப்பவும் கீழேதான் பார்க்கறே'. அதன் கீழே நான் கத்தியதும் வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தது.

"என் முகத்தை நாற்பத்தொரு மணி நேரம் பார்த்திருக்கு உங்க மெஷின். சலிப்புங்குது, சந்தோஷம்ங்குது. இதை மட்டும் அதால கண்டுபிடிக்க முடியலையே மேடம். எனக்குக் காது கேட்காது."