வெயிலுக்கு எதிரே கட்டிய கேலரி

பிச்சைமுத்துவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் கைலியை நின்றபடி கட்ட முடியாது. சுவரில் சாய்ந்துகொண்டுதான் கட்ட வேண்டும். அன்று காலை அப்படித்தான் கட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகக் கோணி நடந்து, விராலிமலை டீக்கடைக்கு வந்து சேர்ந்தான். சவுக்குக் கட்டையைத் தோளில் சுமந்து சுமந்து வந்த வலி. ஜல்லிக்கட்டுக்குக் கேலரி கட்டுவது அவன் பிழைப்பு. தையில் ஆரம்பித்து வைகாசி வரை ஊர் ஊராக வேலை இருக்கும். அப்புறம் ஆடியும் ஆவணியும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்த வருஷம் மாவட்டத்தில் ஆறு ஊர் முதலாளிகள் ஆளுக்கொரு டீம் எடுத்து, டிக்கெட் போட்டுக் கபடி லீக் நடத்தினார்கள். அதனால் சும்மா கிடக்கும் மாதத்திலும் கேலரி வேலை வந்தது.

டீக்கடையில் ராக்கன் போனை நீட்டினான். பிச்சைமுத்துவோடு கட்டை கட்டுகிறவன், மச்சான் முறை.

"மச்சான், ஒன் கேலரியக் கிழிச்சுத் தொங்க விட்டுருக்கு ஒரு அம்மா. பாரு."

போனில் பேசிக்கொண்டிருந்தவள் மீமிசல் பரக்கத் நிஷா. வீட்டில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு ஆறு ஊர் ஆட்டத்துக்கும் பஸ் ஏறிப் போவாள். எந்த டீம் கொடுத்த காசுக்குத் தகும், எது தகாது என்று வரிசை போட்டு வீடியோ விடுவாள். கபடி பார்க்கிற சனம் அதைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுத்தது.

"அஞ்சாவது எடம் எங்க மீமிசல். எங்க ஊருதான், அதுக்காக? டீ இருவது ரூவா, வாயில வச்சா வெந்நி. லேடீஸ் பாத்ரூம் இருக்கு, தாப்பா இல்ல. கடைசி எடம் விராலிமலை மயில்கள். டீமு நல்ல டீமு. அந்த லெஃப்ட் கார்னர் தம்பி புடிச்சா விட மாட்டாராம். 'ராம்'னுதான் சொல்ல முடியும், நான் எங்க பாத்தேன்? நூத்தம்பது ரூவா குடுத்துட்டு நெத்தியில கைய வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். மூஞ்சிக்கு நேரா வெயிலு. ரெய்டு போனவரு திரும்பி வந்தாரா, அவுட்டானாரான்னு கூடத் தெரியல. கேலரி கட்டுன புண்ணியவான் ஒரு நாள் அதுல உக்காந்து பாக்கட்டும்."

பிச்சைமுத்து டீ கிளாஸை டக்கென்று பெஞ்சில் வைத்தான்.

"கேலரி ஆடுச்சா? பலகை வெலகுச்சா? நான் கட்டுன கேலரியில ஒரு ஆளு கீழ விழுந்துருக்கானா? வெயிலு அடிச்சா அதுக்கும் நானா ஆளு?"

"எங்கிட்டக் கத்தாத. ஆண்டியப்பண்ணன் ஒன்னயக் கூப்புட்டாரு. அங்க போயிக் கத்து."

ஆண்டியப்பன்தான் மயில்கள் டீமின் முதலாளி. ஹாலோபிளாக் கல் அறுத்து விற்கிறவர். கல் காய்கிற இடத்திலேயே நின்று பேசினார்.

"டிக்கெட்டு பாதி போகல பிச்சை. ஞாயித்துக்கெழமையும் இப்புடியே ஈ ஓட்டுச்சுன்னா அடுத்த வருசம் திருச்சியில இண்டோர் ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோயிருவேன். அங்க கேலரி சிமெண்ட்லயே இருக்கு. கட்டவும் வேணாம், பிரிக்கவும் வேணாம்."

இவனும் வேணாம் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிச்சைமுத்துவுக்கு அது விளங்கிவிட்டது. மறுபடி ஆடியும் ஆவணியும் அடுப்பைப் பார்க்கிற பிழைப்பு.

சாயங்காலம் ஆளில்லாத மைதானத்துக்குப் போனான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தான் கட்டிய கேலரியில் தானே ஏறினான். இத்தனை வருஷத்தில் அவன் கேலரியில் உட்கார்ந்ததே இல்லை. கூட்டம் மேலே கத்தும்போது அவன் கீழே நின்று முடிச்சு நெகிழ்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பார்த்ததெல்லாம் பலகை இடுக்கில் தெரிகிற செருப்புகளை மட்டும்தான்.

உட்கார்ந்தான். வெயில் ஊசியாகக் கண்ணுக்குள் இறங்கியது. எதிரே மேற்கு ஓரத்தில் வரிசையாக நின்ற விளம்பர பேனர்கள் கருப்பாகத் தெரிந்தன. ஆடுகளத்தின் கோடுகூடப் புலப்படவில்லை.

அப்போதுதான் உறைத்தது. ஜல்லிக்கட்டு காலையில் நடக்கிற காரியம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று கேலரியைக் கிழக்கே போட்டு மேற்கே பார்க்க வைப்பார்கள். கை அப்படியே பழகிவிட்டது. கபடி சாயங்காலம் நடக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும்தான்.

"அடச் சீ," என்று தன்னைத்தானே வைதுகொண்டு இறங்கி, நேரே ஆண்டியப்பனிடம் போனான்.

"தப்பு எம்மேலதாங்க. கேலரிய மேக்க தூக்கி வச்சிர்றேன்."

"மேக்க பேனரு நிக்கிதே. காசு குடுத்தவன் சட்டையப் புடிப்பான்."

"கூசுற கண்ணுக்கு எந்த பேனர் தெரியுதுங்க? கெழக்க மாத்தி வைங்க. சாயங்கால வெயிலு அதுமேல அடிச்சா எழுத்து பளிச்சுன்னு தெரியும்."

ஆண்டியப்பன் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தார். "சரி, தூக்கி வையி. ஆனா கூலி கெடையாது. ஒரு தடவ கட்டுனதுக்குக் குடுத்தாச்சு."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒற்றை ஆள் தூக்குகிற பாரமா அது? ராக்கன் வீட்டுக்குப் போய்த் தலையைச் சொறிந்தான். ராக்கனின் மனைவி சின்னப்பிள்ளையும் இவர்களோடு வேலைக்கு வருகிறவள்தான். பலகை அடுக்குவதில் ஆம்பிளைகள் அவளிடம் நிற்க முடியாது.

"கூலி இல்லாம வர்றதுக்கு நாங்க என்ன ஒன் கல்யாணத்துக்கா வர்றோம்?" என்றாள். "இந்தா பாருண்ணே. மழைக்கு எங்க பின்னாடிக் கொட்டகை சாஞ்சு கெடக்கு. ஒரு முழு நாளு நீ வந்து நிமுத்திக் கட்டித் தரணும். ஒத்துக்கிட்டா வாரேன்."

"அப்ப எனக்கு?" என்றான் ராக்கன். "நானுந்தானே தூக்கப்போறேன்?"

"குடிச்சுட்டு வந்தா ஒனக்கு அதுலதானய்யா படுக்க. அதான் ஒன் கூலி."

சனிக்கிழமை விடிந்ததும் பிரிக்க ஆரம்பித்தார்கள். கயிற்றை அறுக்காமல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டும். அறுத்தால் புதுக் கயிற்றுக்கு எங்கே போவது? கட்டையை மைதானத்தின் குறுக்கே சுமந்து, மறுபடி குழி தோண்டி நட்டார்கள். பிச்சைமுத்து ஒவ்வொரு தடவை குனியும்போதும் "யாத்தே" என்றுதான் நிமிர்ந்தான். வெயில் உச்சிக்கு வந்தபோது மூன்று பேருக்கும் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

கடைசிப் பலகையும் ஏறியபின் சின்னப்பிள்ளை வீட்டிலிருந்து நிழலுக்குக் கட்டுகிற பழைய பச்சை வலையைக் கொண்டுவந்து கேலரியின் அடிப்பக்கம் சுற்றிலும் கட்டத் தொடங்கினாள்.

"அது எதுக்கு? ஜல்லிக்கட்டுக்கு எவன் வலை கட்டுறான்?" என்றான் பிச்சைமுத்து.

"அங்க ஏறி உக்கார்றது பூராம் நீங்க. இங்க பொம்பளைங்க வருது. கீழ நின்னு அண்ணாந்து பாக்குற நாய்களுக்கு இதுதான் மருந்து. நீ முடிச்சப் போடு."

பிச்சைமுத்து முடிச்சைப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முதலில் மந்தமாகத்தான் வந்தது. ஏறி உட்கார்ந்தவர்கள் போனில் படம் எடுத்து அனுப்ப, ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் பலகை நிறைந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் சூரியன். எதிரே பேனர்கள் தங்கம் பூசியது போல நின்றன. பழக்கம் விடாமல் பிச்சைமுத்து கேலரிக்குக் கீழேதான் நின்றான். லெஃப்ட் கார்னர் பையன் ஒருத்தனைக் கணுக்காலில் பிடித்தபோது தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான பாதம் ஒரே நேரத்தில் குதித்தது. கட்டை முனகியது. முடிச்சு நெகிழவில்லை.

ஆட்டம் முடிந்து இறங்கி வந்த பரக்கத் நிஷா வலையைத் தொட்டுப் பார்த்தாள். பிச்சைமுத்து எதிரே போய் நின்றான்.

"புண்ணியவான்னு சொன்னீங்களே, அது நான்தாங்க."

அவள் சிரித்தாள். "உக்காந்து பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன். அவிஞ்சு போச்சு கண்ணு."

"வலை கட்டணும்னு ஒங்களுக்குத் தோணுச்சாக்கும்?"

"எனக்கு எங்க தோணும்? அந்தா, பலகைய எண்ணிக்கிட்டு நிக்கிதே, அந்தப் புள்ளக்கித் தோணுச்சு."

"பேரச் சொல்லுங்க, வீடியோவுல சொல்றேன். ஆறு ஊர்லயும் யாரும் செய்யல இத." தோள்பையை மாட்டிக்கொண்டாள். "மூணாவது எடம் போடுறேன். மொத எடம் கேக்காதீங்க, தண்ணி டிரம்மு வெயில்ல கெடந்து கொதிக்கிது."

"புளியமரத்தடிக்குத் தள்ளி வச்சிரலாங்க."

"வைங்க. அப்பறம் பாப்போம்."

ஆண்டியப்பன் போகிற போக்கில் கார் கண்ணாடியை இறக்கினார். "அடுத்த வருசமும் இங்கிட்டுத்தான் பிச்சை. கட்டைய எங்கயும் வாடகைக்கு விட்டுறாத."

பிச்சைமுத்து கைலியை மடித்துக் கட்டினான். சுவர் இல்லாமல், நின்றபடியே கட்டினான். கட்டி முடித்தபிறகுதான் இடுப்பு சுரீரென்றது.

"அண்ணே, கொட்டகை!" என்று பலகை மேலிருந்து குரல் வந்தது.

"இந்த இடுப்பு கொஞ்சம் நேராகட்டும்த்தா."

"இடுப்பு நேரானாலும் கோணுனாலும் நீ வரணும்."

வரத்தான் வேண்டும். சின்னப்பிள்ளைக்கு ஒரு முழு நாள் உழைப்பு, அவள் வீட்டுப் பின்னாடிக் கொட்டகையை நிமிர்த்திக் கட்டித் தருகிற வேலை, பிச்சைமுத்து பாக்கி.