அசுணம் இருக்கும் பக்கம்

காப்பிக்கொட்டை மூட்டை கட்டும் சாக்குகளில்தான் புத்தகங்கள் வந்தன. சேர்வராயன் மலையில் வெள்ளக்கடைக்கு மேலே ஒரு பழைய பங்களாவின் முதலாளி இறந்துபோனார். பெங்களூரில் இருந்த பிள்ளைகள் வந்து வீட்டைக் காலி செய்தார்கள். கட்டிலும் பீரோவும் லாரியில் போயின. புத்தகங்களை எஸ்டேட் ரைட்டர் ஜீப்பில் ஏற்றி, தலைச்சோலையில் எங்கள் மாலை வகுப்பு நடக்கும் ஊர்ச் சங்கக் கட்டடத்தில் இறக்கிவிட்டுப் போனார்.

வகுப்பு அரசுத் தேர்வுக்கானது. நடத்துகிறவர் ஜெயபிரகாஷ் அண்ணன், சங்கத் தலைவர் ஐயாக்கண்ணுவின் மகன். சங்கம், மலையில் காலங்காலமாக விவசாயம் செய்கிறவர்களுடையது. வகுப்பிலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டிலிருந்து போனவள் நான் ஒருத்தி.

"இதையெல்லாம் பிரிச்சு அடுக்கோணும்," என்று அண்ணன் சாக்கைக் காலால் தட்டினார். பிறகு என் நோட்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "சுகுணா எழுத்தப் பாருங்க. அச்சடிச்சாப்பல இருக்குது. இந்த வேலைக்குன்னே பொறந்தவ."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டு போனேன். மெய்யாகச் சொன்னாரா, வேலை வாங்கச் சொன்னாரா என்றும் யோசித்தேன்.

மறுநாள் அவரே சொன்னார்: சங்கம் அந்த அறையை நூலகமாகத் திறக்கப் போகிறது, சாவி வைத்திருப்பவருக்கு மாதச் சம்பளம் உண்டு. "உன்ன உட்டா வேற யாரு கண்ணு?"

இந்தப் பருவத்திலிருந்து என்னையும் காப்பிப் பழம் பறிக்கக் கூட்டிப்போவதென்று அம்மா ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். சாவி கிடைத்தால் பகலெல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்து படிக்கலாம், பரீட்சை எழுதலாம். இல்லாவிட்டால் அம்மாவுக்கு அடுத்த வரிசையில் இடுப்பில் பை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முதலில் புத்தகங்களை உயரப்படி அடுக்கினேன். அது தப்பென்று தோன்றியதும் கலைத்து, எழுதியவர் பெயர்ப்படி அடுக்கினேன். அதிலும் சந்தேகம் வந்தது. கடைசியில் ஒவ்வொன்றையும் திறந்து படித்துத்தான் பிரித்தேன். மூன்று குவியல்கள் சேர்ந்தன. ஒன்றில் சாதி சனங்களின் வரலாறு: நெசவாளர்கள், உப்பு வணிகர்கள், மலை மக்கள், தோட்டத்துக்குக் கூட்டி வரப்பட்டவர்கள். இன்னொன்றில் சங்கீதம்: சுரம் போட்ட கீர்த்தனைகள், வீணைக்குப் பலாமரம் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு தடித்த புத்தகம். மூன்றாவதில் உலகத்தில் இல்லாத பிராணிகள். யாளிக்கென்று தனியாக ஒரு புத்தகம் எழுத என்ன இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன். அன்று வகுப்புக்கு மணியடித்தது எனக்குக் கேட்கவில்லை.

அசுணம் வரும் புத்தகத்தை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய குழப்பம். அசுணம் இசைக்கு மயங்கும் விலங்கு. வேடர்கள் மறைந்திருந்து யாழ் வாசிப்பார்கள். அது கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து நிற்கும். உடனே யாழை வைத்துவிட்டுப் பறையை அறைவார்கள். அந்தச் சத்தத்திலேயே அது செத்துவிடும். இதைப் பிராணிகளில் வைப்பதா, சங்கீதத்தில் வைப்பதா?

"பாட்டுக் கேக்க வந்தத எதுக்குக் கொல்றாங்களாம்?" என்று கேட்டாள் தீபிகா. அவள் ஜெயபிரகாஷ் அண்ணனின் சித்தப்பா மகள். என்னோடு படிப்பவள். "கறிக்கா?"

"புத்தகத்துல அது இல்ல."

"பொறவென்ன புத்தகம் அது."

பிராணிகளில் வைத்தேன்.

எங்கள் மலையைப் பற்றி எங்கே ஒரு வரி வந்தாலும் அந்தப் பக்கத்தில் பச்சைக் காகிதம் செருகுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்து, "ஆபீசருக்குக்கூட இந்த மூளை வராது," என்றார் அண்ணன். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் கை தயங்கியது. பஞ்ச காலத்தில் கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கீழ்நாட்டுக் குடும்பங்களை மலையேற்றிய கதை அது. எங்கள் கதை. அதில் யாரோ ஒரு துரை சொன்னதாக ஒரு வரி இருந்தது: 'இவர்கள் மலைக்கு உரியவர்கள் அல்லர், வேலை தீர்ந்தால் இறக்கிவிடப்பட வேண்டியவர்கள்.' விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விதி விதிதான் என்று அங்கும் ஒரு பச்சைக் காகிதம் செருகினேன்.

திறப்பு நாளன்று அப்பாவும் வந்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றார். மகளுக்குச் சாவி கொடுக்கப் போகிறார்கள் என்று லைன் முழுக்கச் சொல்லியிருந்தார்.

உள்ளே ஒரே பேச்சாக இருந்தது. ஜெயபிரகாஷ் அண்ணன் உள்ளங்கையால் மேசையை ஓங்கி அறைந்தார். அடங்கியது.

"சாவி யாருக்குன்னு சொல்றதுக்கு முன்னால ஒரு பக்கம் படிக்கறனுங்க," என்று ஒரு புத்தகத்தை எடுத்துப் பச்சைக் காகிதம் இருந்த இடத்தைத் திறந்தார். அவருக்கு நல்ல குரல். முன்பணம், கங்காணி, துரை சொன்ன வரி, எதையும் விடாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"எழுதினது நானில்லீங்க. பக்கத்த எடுத்துக் குடுத்ததும் நானில்லீங்க. நம்ம சுகுணாதான் காயிதம் வெச்சுக் குடுத்திருக்குது." இப்போது எல்லோரும் சிரித்தார்கள். "ஊர்ச் சாவி ஊர்க்காரங்ககிட்ட இருக்கறதுதானுங்க மொற. தீபிகா, வா சாமி."

நான் எழுந்துவிட்டேன். "முந்தின பக்கத்தையும் படிங்கண்ணா."

"அதுல என்ன இருக்குது?"

"நீங்களும் கீழிருந்து வந்தவங்கதான்னு இருக்குதுங்க. காஞ்சியிலிருந்து." என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

ஐயாக்கண்ணு கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பிரியமாகத்தான் பேசினார்.

"அது எங்களுக்குத் தெரியாதா கண்ணு? வருசா வருசம் சேர்வராயன் சாமி நோம்பில பாடறதுதான. நாங்க அந்தச் சாமியோட வந்தோம். நீங்க கங்காணியோட வந்தீங்க."

சிரிப்பு வாசல் வரைக்கும் போனது. அங்கே நின்றிருந்த அப்பாவும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சும்மா நிற்கக் கூடாது என்பதுபோல ஒரு சிரிப்பு.

தீபிகா சாவியை வாங்கிக்கொண்டு என் பக்கமே பார்க்காமல் உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்ததும் யாரோ அப்பாவிடம் ஒரு காகிதக் கப்பை நீட்டினார்கள். "செங்கோடா, டீயக் குடிச்சுப்போட்டு நாற்காலியெல்லாம் உள்ள போட்டுரு." அப்பா நின்றுகொண்டே குடித்தார். பிறகு ஒவ்வொரு நாற்காலியாக மடக்கி உள்ளே அடுக்கினார். நானும் கூட அடுக்கினேன். நான் அடுக்கியவை நேராக இருந்தன.

பஸ்ஸில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தக் காயிதத்த நீயேதான் வெச்சியா?"

"ஆமாங்கப்பா."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பழம் சிவக்கத் தொடங்கியதும் அம்மாவோடு போனேன். மாலை வகுப்புக்குப் போகவில்லை. சில வாரம் கழித்து, வரிசை நடுவில் நிற்கும்போது போன் அடித்தது. ஜெயபிரகாஷ் அண்ணன். பெயரைப் பார்த்ததுமே சொல்ல வேண்டிய பதிலை மனதுக்குள் தயார் செய்தேன்: எனக்குத் தெரியாதுங்க, தீபிகாவைக் கேளுங்க. இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

"சுகுணா, சேலத்திலிருந்து ஆபீசருங்க வந்திருக்காங்க. பாட்டுக் கேக்க வந்து சாவுமே ஒரு மிருகம், அது எந்தப் புத்தகத்துல இருக்குது? இந்தப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியமாட்டேங்குது. அப்பவே நான் சொல்லலியா, இந்த வேலைக்குன்னே பொறந்தவ நீ ஒருத்திதான்."

"ஜன்னலோரத்து அலமாரிங்கண்ணா. ரெண்டாந்தட்டு. யாளிப் புத்தகத்துக்கு வலப்பக்கம் சேப்பு அட்ட. காயிதம் வெச்சிருக்காதுங்க, அதுல நம்ம மலையப் பத்தி இல்ல. பின்னாலிருந்து பொரட்டுனா படம் வரும், அதுக்கு எதுத்த பக்கம்."

"பாத்தியா," என்றார் பக்கத்தில் இருந்த யாரிடமோ. "நொம்ப நல்ல புள்ளைங்க."

போனை வைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேஸ்திரி என் பெயரைச் சொல்லி அதட்டும்வரை பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தேன்.