துடைத்த பலகை

கேப்டன் எலிஃபலட் கிரேன் என் அறைக்கு வந்துபோய் முப்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அதிலிருந்து எனக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை.

அவருடைய போர்க்கப்பலில் வழி கணிப்பது என் வேலை. மணிக்கு மணி காற்று, திசை, நடந்தவை எல்லாவற்றையும் கற்பலகையில் எழுதுவேன். நண்பகலில் அதைப் புத்தகத்தில் பிரதியெடுத்த பிறகுதான் பலகையைத் துடைப்போம். இங்கிலாந்தோடு நடந்த போரில் ஒரு ஆங்கிலக் கப்பலைப் பிடித்த அன்று மட்டும், பத்து மணிக்கே கேப்டன் தன் சட்டைக் கையால் துடைத்தார். அவர் சொல்லச் சொல்லப் புத்தகத்தில் எழுதினேன்.

எங்கள் அமெரிக்கத் துறைமுக நகரமான பாஸ்டன் அவருக்கு விருந்து வைத்தது. அவர் முன்பு இரண்டு கப்பல்களைப் பாறையில் மோதி இழந்ததையும், ஒரு மாலுமி கசையடியில் செத்ததையும் ஊர் மறந்துவிட்டது. பிறகு, பிடிபட்ட கப்பலின் மருத்துவர் எழுதிய புகார் வந்தது. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நான்தான் முக்கிய சாட்சி.

என் அறைக்கு வந்த அன்று கேப்டன் என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வீட்ல ஹெப்சிபா சௌக்கியமா, பெல்?"

"சௌக்கியம் சார்."

"குழந்தை எப்ப?"

"அடுத்த மாசம்."

"நல்லது. என்னைப் பொய்யன்னு சொன்னவங்க இதுவரைக்கும் ரெண்டு பேர். கடற்கரையில துப்பாக்கியோட நின்னு தீத்துக்கிட்டோம். ரெண்டு பேரையும் புதைக்கும்போது நானே போயிருந்தேன். நல்ல பசங்க."

விசாரணையில் உண்மையைச் சொன்னால், என்னையும் அப்படித் துப்பாக்கிச் சண்டைக்கு அழைப்பார். நான் மறுத்தால், கடற்படையில் யாரும் என்னோடு ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள். ஏற்றால், குழந்தையைப் பார்க்க மாட்டேன்.

விசாரணை அறை வாசலில் எங்கள் மருத்துவர் டட்டில் நின்றிருந்தார்.

"என்னய்யா, நேத்து தண்ணிப் பீப்பாயில செத்த எலிக்குக்கூட உன்னைவிட நெறம் இருந்துச்சு!"

"விடுங்க டாக்டர்."

"புத்தகத்துல உள்ளதையே சொல்லிட்டு வாய்யா. உசிரோட இருக்கலாம்."

உள்ளே மூன்று அதிகாரிகள். கேப்டன் கிரேன் எனக்கு எதிரே அமர்ந்து, இமைக்காமல் பார்த்தார்.

அவர்களின் தலைவர் புகாரிலிருந்து, ஆங்கிலக் கப்பலில் செத்தவர்களின் பெயர்களைப் படித்தார். பதினேழு பெயர்கள். கடைசிப் பையனுக்கு வயது பன்னிரண்டு.

"எட்டரை மணி வரைக்கும் எதிரி சுட்டான்னு புத்தகத்துல இருக்கு, மிஸ்டர் பெல்."

"அது என் கையெழுத்துதான் சார்."

"அதைக் கேக்கல. பலகையில என்ன எழுதியிருந்தீங்க?"

கேப்டன் மெல்லச் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"எட்டு இருபதுக்கு அவங்க சரணடைஞ்சு கொடியை இறக்கிட்டாங்கன்னு எழுதியிருந்தேன். அதுக்கப்புறமும் பத்து நிமிஷம் நாங்க சுட்டோம்."